மூன்று நாள் காத்திராத மனு

அன்புள்ள மகனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வழக்கத்துக்காக எழுதும் வாக்கியம் அன்று இது. நேற்றும் கொல்லையில் இரண்டு பாத்தி கொத்தி, கத்தரி நாற்று நட்டேன். என் உடல்நிலையைப் பற்றி முதல் வரியிலேயே இவ்வளவு திட்டமாக உரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அதைப் பற்றி நான் ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய் உனக்குத் தெரியாது. ஆனால் அதன் பாரத்தைப் பதினாறு ஆண்டுகளாக நீ சுமந்துகொண்டிருக்கிறாய். இந்த உறையினுள் மூன்று காகிதங்கள் உள்ளன. ஒன்று, நீ என்னிடம் தந்து சென்ற விலகல் கடிதம்; அதை நான் தபாலில் சேர்க்கவில்லை. மற்றொன்று, பழுப்பேறிய ஓர் ஆங்கிலத் தட்டச்சுத் தாள். மூன்றாவது இது. இதை முழுவதும் படித்த பிறகே மற்ற இரண்டையும் பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

புரட்டாசியில் பத்து நாள் விடுப்பில் நீ வந்தாய். இலங்கைக் கடலில் காவல் செய்யும் ஆறு கப்பல்களை உன் பொறுப்பில் ஒப்படைக்கப் போகிறார்கள் என்றும், பொறுப்பேற்குமுன் அம்மாவைப் பார்க்க வந்ததாகவும் சொன்னாய். நீ வந்த மூன்றாம் நாள் சாலைகள் மூடிக்கொண்டன. கல்வியிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு கேட்டு நம் மக்கள் மறியலில் இறங்கினார்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன. பேருந்து இல்லை, தபால் இல்லை, மருந்துக்கடை வாசலில்கூட ஆள் இல்லை. நம் தெருவில் மறியலுக்கு முன் நின்றவன் வேறு யாருமல்லன், உன்னை மாமா என்று அழைக்கும் என் தம்பி மகன் ஏழுமலைதான். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் தவறாமல் நம் வீட்டுக்கு வந்து, "இன்னா மாமா, கடல்ல எவனாலயும் மறிக்க முடியாத ஆள நாங்க மறிச்சிட்டோம் பாத்தீங்களா" என்று உன்னைச் சீண்டுவான். நீயும் சிரிப்பாய். ஒருநாள் மட்டும் சிரிக்காமல், "நான் எவன் தயவும் இல்லாம படிச்சி வந்தவன்டா" என்று சொல்லிவிட்டாய். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அன்று நான் குறுக்கிட்டுச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இப்போது எழுத்திலும் அதை உறுதி செய்கிறேன். உன் தலைமையாசிரியர் கடற்படையில் சேரும் விண்ணப்பப் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரப்பில் தேடி வந்து என்னைக் கண்டுபிடித்தார். வேறொருவராக இருந்தால் குப்பைக்கூடையில் போட்டிருப்பார், நானும் அறிந்திருக்க மாட்டேன். ஒரு மனிதருடைய நல்ல குணத்தை நம்பி ஊர் முழுவதும் காத்திருக்க முடியாது. அதனால்தான் அவர்கள் சட்டத்தைக் கேட்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை மனுவை எழுதிக் கொடுத்தவளும் நான்தான் என்பதை உன்னிடம் மறைத்தேன். அது ஒரு சிறிய மறைப்பு. பெரியது இனிமேல் வருகிறது.

மறியலின் மூன்றாம் நாள் நீ என் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கினாய். மதியம் வரை எழுதினாய், கிழித்தாய், மறுபடி எழுதினாய். பிறகு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டி, வரி வரியாகத் தமிழில் சொன்னாய். கடற்படைப் பணியிலிருந்து என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், காரணம் சொந்தக் காரணங்கள் என்பதே அதன் சாரம். "நீ ஊருக்கெல்லாம் மனு எழுதறவ. இதப் பாத்துட்டு, ரோடு தெறந்ததும் தபால்ல போட்டுரும்மா" என்றாய். நீயே கொண்டு போய்க் கொடுக்கலாமே என்று கேட்டேன். "கையில எடுத்துக்கினு போனா குடுக்க மாட்டேன்" என்றாய். சாப்பிட உட்கார்ந்ததும், நான் கேட்காமலே, தட்டைப் பார்த்துக்கொண்டு நீ சொன்ன சொற்களை நான் ஓர் எழுத்தும் மறக்கவில்லை.

"அந்த வங்காளச் சண்டையிலயே என்ன வாணாம்னு எறக்கி வுட்டாங்கம்மா. கப்பலு கெளம்பறதுக்கு நாலு நாளு முன்ன. ஏன்னு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. எங்கிட்ட இன்னாத்தயோ பாத்துக்கிறாங்க. அது இன்னும் எங்கிட்ட இருந்திச்சின்னா? இப்ப என் கையில அறுநூறு பேரு உசுரு."

அதற்கு உன் தாய் கூறிய பதில் இதுதான்: "சாப்புடு, ஆறிடப் போவுது." பதில் என்னிடம் இருந்தது. பத்திரங்கள் வைக்கும் தகரப் பெட்டியில், நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கு முழத் தொலைவில் இருந்தது. எனினும் நான் உனக்கு இரசம் ஊற்றினேன்.

என் தொழில் முறையை நீ அறிவாய். ஆயினும் இவ்விடத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். உன் தகப்பனார் காலமானபோது, நான் கைநாட்டு வைத்த ஒரு காகிதத்தால் நமது ஒன்றரை ஏக்கர் நிலம் பங்காளி பெயருக்குப் போயிற்று. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அறிந்துகொள்ளவே நான் எழுத்தைக் கற்றேன். நீ முதல் வகுப்பில் கற்ற எழுத்துகளைப் பத்திரத்தின் எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எட்டு மாதத்தில் அந்தப் பத்திரத்தைத் தலைப்பிலிருந்து சாட்சிகள் வரை படித்து முடித்தேன். நிலம் திரும்பவில்லை; மொழி வந்தது. நான் முதலில் பயின்ற தமிழ் பத்திரத் தமிழ் ஆதலால், என் நாவில் இன்றும் 'மேற்படி'யும் 'ஆகவே'யும் முதலில் வந்து நிற்கின்றன. நீ கேலி செய்வாய். அந்தச் சொற்களைக் கொண்டுதான் ஊரார் பட்டா வாங்கினார்கள், முதியோர் உதவி வாங்கினார்கள், கல்வராயன் மலைக்காரர்கள் தங்கள் ஊருக்கு ஆசிரியரைக் கேட்டு வாங்கினார்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவையும் நெல் அளக்கும் மரக்காலின் அடியில் மூன்று நாள் வைத்திருப்பேன். நான்காம் நாள் வந்து, "அப்படியே இருக்கட்டும்" என்று அவர்கள் சொன்னால்தான் கொடுப்பேன். பாதிப்பேர் ஒரு வரியை அடிக்கச் சொல்வார்கள். சிலர் மனுவையே கிழிக்கச் சொல்வார்கள். கோபமும் அச்சமும் மூன்று நாளில் படிந்துவிடும்; எது தெளிந்து மேலே நிற்கிறதோ அதுவே மனு. இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை, நானே கண்டுகொண்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

என் வாழ்நாளில் மூன்று நாள் காத்திராமல் அனுப்பிய மனு ஒன்றே ஒன்று. அது உன்னைப் பற்றியது.

வங்காளத்தை முன்னிட்டுப் போர் மூண்ட அந்த ஆண்டு நீ லெஃப்டினன்டாக இருந்தாய். கப்பலின் பீரங்கிகள் உன் பொறுப்பில் இருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துப் படித்துக் காகிதத்தின் மடிப்பு கிழிந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, சின்னசேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குத் தந்தி வந்தது. எல்லையில் நின்ற பையன், போர் மூளுமுன்னே நடந்த மோதலில் இறந்துவிட்டான். நான் துக்கத்துக்குப் போனேன். அவன் தாய் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு லோட்டா கொடுத்து, "உம் பையன் கடல்லதான இருக்கான்? கடல்ல இருந்தா ஒடம்பு கூட வராதாமே" என்று கேட்டாள். வன்மத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டாள். நான் அந்த மோரைக் குடித்து முடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். முந்தின நாள்தான் வெயிலில் நின்று கரும்பில் காய்ந்த சோகை உரித்தவள், 'எழுந்து நடமாட இயலாமல் படுக்கையில் கிடக்கும் துணையற்ற விதவை' என்று என்னைப் பற்றி எழுதினேன். 'ஒரே புதல்வனை உயிருடன் காணும் ஒற்றை ஆசையால் உயிர் தரித்திருக்கும்' என்று எழுதினேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. இறுதியில், 'இம்மனு குறித்து என் மகன் எக்காலத்தும் அறியலாகாது எனவும் பணிந்து வேண்டுகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராயிருந்து ஓய்வு பெற்ற நாயுடுவிடம் ஆங்கிலமாக்கித் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இது பையனுக்குத் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றேன். "மரக்காலுக்கு அடியில வெச்சீங்களா?" என்றார். வைத்தேன் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பொய். மை உலர்வதற்குள் தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தது. அதுதான் இந்த உறையினுள் இருக்கும் பழுப்பேறிய தாள். நாயுடு அதைப் படித்துப் பொருள் சொன்னார். தங்கள் கோரிக்கை இரக்கத்துடன் பரிசீலிக்கப்பட்டது, தங்கள் மகன் கரைப் பணிக்கு மாற்றப்பட்டுள்ளார், தாங்கள் கேட்டுக்கொண்டபடி காரணம் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. படித்து முடித்து, "மனு பலிச்சிடுச்சிம்மா" என்றார். நான் தலை நிமிர்ந்து நடந்து வந்தேன். ஒரு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. கொச்சியில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து கயிறும் வர்ணமும் சரிபார்ப்பதாகவும், உன் கப்பல் நீயின்றிப் போய்விட்டதாகவும் எழுதியிருந்தாய். 'அவர்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை அம்மா' என்ற ஒரு வரி இருந்தது. கப்பல் போரிட்டுத் திரும்பியது. உன் இடத்தில் போனவர் பதக்கம் பெற்றார் என்று எழுதினாய். அதில் பொறாமை இல்லை, அவர் நல்லவர் என்று இரண்டு முறை எழுதியிருந்தாய். ஒரு முறை எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில், உயிரோடு இருக்கிறாய், அது போதும் என்று எண்ணினேன். பிறகு நீ மீண்டும் கப்பலுக்குப் போனாய், காயம் ஆறிவிட்டது என்று எண்ணினேன். பிறகு கமாண்டர் ஆனாய், உனக்கென்று ஒரு கப்பல் தந்தார்கள், இனி எதற்குச் சொல்வது என்று எண்ணினேன். ஒவ்வொரு பதவி உயர்வையும் நான் தெருவில் பறைசாற்றினேன். நீ கேப்டன் ஆன செய்தியைச் சொன்னபோது, பட்டாளத்தில் இருந்து வந்த மேலத்தெருக்காரர், "அட, கேப்டன்தானா? எங்க பட்டாளத்துல மீச மொளைக்கறதுக்குள்ள கேப்டன் ஆயிடுவான்" என்றார். கடற்படையில் கேப்டன் என்பது தரைப்படையில் கர்னலுக்கு நிகர் என்று ஒரு தாளில் அட்டவணை போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். ஏழுமலையின் சிநேகிதர்கள் இன்றும், "அத்த, உங்க பையன் கிரிக்கெட்டு டீமுக்கா கேப்டன்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் அட்டவணை உண்டு.

விசாகப்பட்டினத்தில் உன் கப்பலைக் காட்ட என்னை அழைத்துச் சென்றாயே, அந்த நாளைப் பற்றியும் எழுத வேண்டும். படிக்கட்டில் நான் கால் வைத்ததும் ஊதல் ஒலித்தது, மாலுமிப் பிள்ளைகள் விறைத்து நின்றார்கள். எனக்காகவோ என்று எண்ணி நானும் கும்பிட்டேன். சிரிப்பை நீ அடக்கியதைக் கண்டேன். உன் அறையில் சாப்பிடும்போது, அன்று காலை ஒரு மாலுமி உன்முன் வந்து நின்ற கதையைச் சொன்னாய். ஊரில் அம்மா படுத்த படுக்கையாம், கடிதம் வந்திருக்கிறதாம், கரைப் பணி கேட்டான். கடிதம் உண்மைதானா என்று உன் உதவியாளருக்கு ஐயம். நீயோ கொடுத்துவிட்டாய். ஏன் என்று கேட்டேன். "பொய்யாவே இருந்தாலும் பயத்துல சொல்ற பொய்யி. எல்லா அம்மாவும் உன்ன மாதிரி தைரியமா இருப்பாங்களா?" என்றாய். நான் உன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். அன்றும் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு. என்றேனும் நான் ஒப்புக்கொள்ள நேர்ந்தால், அதைக் கேட்க வேண்டிய அதிகாரி எப்படிப்பட்டவர் என்பதை நான் நேரில் கண்டுவிட்டேன்.

நிற்க. நீ புறப்பட்ட நாளுக்கு வருகிறேன். விடுப்பு முடிகிறது, சாலை திறக்கவில்லை, சின்னசேலம் வரை நடந்துபோய் எப்படியேனும் ரயிலைப் பிடிப்பேன் என்றாய். ஏழுமலை, "யூனிபார்ம மாட்டிக்கினு வாங்க மாமா. எவனும் ஒரு வார்த்த கேக்க மாட்டான், நானே வழி வுடச் சொல்றேன்" என்றான். "அது இதுக்கில்லடா" என்றாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியை அவன் சைக்கிளில் ஏற்றி, இருவரும் வரப்பு வழியே போனீர்கள். உன் கடிதம் மரக்காலின் அடியில் இருந்தது. திரும்பிப் பார்த்து, "மறந்துடாத" என்றாய். சரி என்றேன். வழியில் நடந்ததை நீ எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து ஏழுமலை வந்து சொன்னான். உன்னைப் பற்றி உனக்கே ஒருவர் எழுதுவது விந்தைதான். ஆனால் நீ அதைப் பார்க்கவில்லை. செய்துகொண்டிருந்தாய்.

மலைச்சாலை வந்து சேரும் இடத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றிருக்கிறது. மலையிலிருந்து தூளியில் இறக்கி, அடிவாரத்தில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பிள்ளைத்தாய்ச்சி. வலி கண்டு ஒரு நாளாகிவிட்டது. முன்னே, இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் எட்டாத புளியமரம். மறியல் செய்த பிள்ளைகளுக்கு வழிவிட மனம் இல்லாமல் இல்லை. வெட்டிச் சாய்த்தவர்களுக்கு அதை அசைக்கத் தெரியவில்லை. இருபது பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்களாம். ஏழுமலை சொன்னதை அவன் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்:

"மாமா மொதல்ல மரத்தச் சுத்தி ஒரு வாட்டி நடந்தாரு. அப்பறம் எங்கிட்ட, கெணத்துலேர்ந்து வடமும் கப்பியும் எடுத்தாடான்னாரு. ரெண்டு ஜோடி மாட்டக் கொண்டாரச் சொன்னாரு. வடத்த இந்தப் பக்கம் பனையில கட்டி, கப்பியில பூட்டி, நீ இங்க நில்லு, நீ அங்க நில்லு, நான் கைய எறக்குனாதான் மாட்ட ஓட்டணும்னாரு. ஒரு வாட்டி கூட சத்தம் போடலத்த. எங்க பசங்க பெத்த அப்பன் சொல்லையே கேக்க மாட்டானுங்க, இவுரு சொன்னதும் வாயத் தொறக்காம நின்னானுங்க. ஒருத்தன் எங்கிட்ட, யாருடா இவுரு, மேஸ்திரியான்னான். மரம் கதவு மாதிரி தெறந்துக்கிச்சி. வண்டி போயிடுச்சி. எல்லாரும் கைதட்டறாங்க, மாமா வடத்த அவுக்கவே வுடல. இப்ப திருப்பி இழுங்கன்னாரு. ஏன் மாமான்னா, இது உங்க மரம், உங்க எடத்துல வெச்சிட்டுத்தான் போவேன், நாளைக்கி எம்பேரச் சொல்லி யாரும் உங்க போராட்டத்த ஒடைச்சிட்டான்னு சொல்லக் கூடாதுன்னாரு."

மலைக்காரப் பெண் ஆஸ்பத்திரியில் நலமாகப் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை.

இதைக் கேட்ட பிறகு நான் மரக்காலைத் தூக்கி உன் கடிதத்தை எடுத்தேன். மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஊருக்கு மனு எழுதுபவள் என்ற முறையில் அதன்மீது என் கருத்தைக் கேட்டாய், கூறுகிறேன். அது பிழையான மனு. மனுவுக்குக் காரணமே உயிர். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதுபவனுக்குக் காரணம் தெரியாது, அல்லது சொல்ல வெட்கம். உன் காரணத்தை நீ எனக்கு வாயால் சொன்னாய். உன்னிடம் ஏதோ குறை கண்டு இறக்கிவிட்டார்கள் என்பது அது. அந்தக் காரணம் உண்மையன்று. உன்னிடம் யாரும் எதையும் காணவில்லை. குறை கண்டவர்கள் ஒருவரும் இல்லை. உன்னைக் கப்பலிலிருந்து இறக்கியது உன் தாயின் கை, இந்தக் கை, வரப்பில் நடந்து சோகை உரித்துவிட்டு வந்து பொய் எழுதிய கை. பழுப்பேறிய தாளை இப்போது எடுத்துப் படி. ஒவ்வொரு சொல்லாகப் படி. நான் அந்தப் பத்திரத்தைப் படித்ததுபோல் படி.

மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பழக்கமில்லை. ஊராருக்காக நூறு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், எனக்காக ஒன்றும் எழுதியதில்லை. அழகான வாக்கியங்கள் பல எனக்கு வருகின்றன. அழகாக எழுதித்தான் அன்று கெடுத்தேன். ஆகவே எளிமையாகச் சொல்கிறேன். நான் செய்தது தவறு. உன் உயிருக்கு அஞ்சியது தவறு அன்று, அதற்காக வெட்கப்பட மாட்டேன். உன்னைக் கேளாமல் செய்தேன், பொய் சொல்லிச் செய்தேன், பிறகு நீ வருந்தியதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தேன். இந்த மூன்றும் தவறு. ஏழுமலையும் அவன் கூட்டாளிகளும் தங்களுக்கு வேண்டியதைப் பட்டப்பகலில், நடுச்சாலையில் நின்று, பெயர் சொல்லிக் கேட்டார்கள். அடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த நான், எனக்கு வேண்டியதை மட்டும் ஒளிந்து நின்று கேட்டேன். இதை அவனிடமும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, "வுடுங்கத்த, மாமா உசுரோட வந்துதான நம்ம மரத்த நவுத்தனாரு" என்றான். எனக்கு அந்தச் சமாதானம் போதாது. ஆனால் பிடித்திருந்தது.

இப்போது இலங்கையில் நம் படைக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டதாக வானொலி கூறுகிறது. நீ பொறுப்பேற்க இன்னும் சில நாட்கள் இருப்பதாகச் சொல்லியிருந்தாய். போ என்று நான் எழுதப் போவதில்லை, போகாதே என்றும் எழுதப் போவதில்லை. ஒருமுறை உனக்காக நான் முடிவெடுத்ததே ஓர் ஆயுளுக்குப் போதுமானது. ஒன்றை மட்டும் எண்ணிப் பார். அக்கரையில் பேசுவதும் நம் மொழி. நீ தடுத்து நிறுத்தும் படகில் இருப்பவன் அஞ்சி நடுங்கி எதையோ சொல்வான். அவன் சொல்வது மெய்யா, பொய்யா, பயத்தில் சொல்லும் பொய்யா என்பது இடையில் ஒருவர் மொழிபெயர்க்காமலே உனக்குக் காதில் விழும். அது உனக்கு மற்றவர்களைவிடப் பெரிய சுமை என்பதை அறிவேன். அந்தப் படகில் இருப்பவனுக்கு அது என்னவாக இருக்கும் என்பதையும் நீ அறிவாய். அந்த இடத்தில் சத்தம் போடாமல் முதலில் ஒருமுறை சுற்றி நடந்து பார்க்கும் ஒருவன் நிற்பது நல்லது என்று, உன் தாயாக அன்றி, மனு எழுதுபவளாகக் கருதுகிறேன். அது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீயாக இருக்கலாம்.

போக வேண்டாம் என்று நீ முடிவு செய்தால், உன் கடிதத்தைத் திருத்தி எழுது. உண்மைக் காரணத்தை எழுது. களைத்துவிட்டேன் என்று எழுதலாம், மொழி ஒன்றாக இருப்பவர்களை எதிர்த்து நிற்க மனம் ஒப்பவில்லை என்று எழுதலாம். அவை நேர்மையான காரணங்கள், கையெழுத்திடத் தகுந்தவை. நீ வீடு வந்து சேர்ந்தால் கொல்லையில் இன்னும் நான்கு பாத்திக்கு இடம் இருக்கிறது; மேலத்தெருக்காரரை நான் சமாளித்துக்கொள்வேன். எதுவாயினும் எழுதிய தாளை மூன்று நாள் எதன் அடியிலாவது வை. கப்பலில் மரக்கால் இருக்காது. கனமாக ஏதேனும் இருக்கும்.

இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புகிறேன். ஏழுமலைதான் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போகிறான். அவனே போட்ட மரங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதாக அலுத்துக்கொள்கிறான். நீ பதில் எழுத வேண்டாம். அந்தச் சிறு அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அது திரும்பி வந்ததும், கையெழுத்துக்குக் கீழே ஆறு கப்பல்களின் அதிகாரி என்ற முத்திரை இருக்கிறதா, வெறும் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன். எது இருந்தாலும் அது நீ இட்டதாக இருக்கும். பத்திரப் பெட்டியில், அந்தப் பழுப்புத் தாள் இருந்த இடத்தில், அதை வைப்பேன்.

இம்முறை மூன்று நாள் முழுவதும் காத்திருந்து, ஒரு வரியும் அடிக்காமல் அனுப்பும்,
உன் அம்மா